பேரு, நட்சத்திரம்: பழநி மலையில் ஐந்து நாள்

முதல் நாள்: கொடை ரோடு முதல் வில்பட்டி வரை

மூன்று குடும்பம், ஒன்பது பேர், கொடைக்கானலுக்கு ஒரு டெம்போ டிராவலர். மூன்று வீட்டிலும் ஒரு பிள்ளை இப்போது இல்லை. பத்தொன்பதுக்கும் இருபத்தேழுக்கும் நடுவில் மனநோய் கொண்டுபோன பிள்ளைகள். யார் வீடு, எந்த ஊர், என்ன பெயர் என்பதெல்லாம் இந்தக் குறிப்பில் வராது. வண்டிக்குள் அந்தப் பெயர்கள் தாராளமாகப் புழங்கும். சொந்தக்காரர்கள் முன்னால் வாயில் எடுக்கவே தயங்கும் பெயரை நாலைந்து நாள் கூச்சமில்லாமல் சொல்லிக்கொண்டே இருப்பதற்காகத்தான் இப்படி வருவது. இதே மாதிரி கிளம்ப நினைக்கும் வீட்டாருக்கு உதவட்டும் என்று அன்றன்றைக்கு எழுதிப் போடுகிறோம்.

நாள் குறிப்பதிலேயே முதல் சிக்கல் வரும். அப்பாவுக்குத் திதிதான் கணக்கு. அக்காவுக்குத் தேதிதான் கணக்கு. அடுத்த வருஷத் திதி பெரும்பாலும் தேதிக்குப் பதினோரு நாள் முன்னால் வந்துவிடும். சில வருஷம் பதினெட்டு, பத்தொன்பது நாள் பின்னால் போகும். ஒருவர் அழுது ஓய்ந்த பிறகு இன்னொருவருக்குத் தொடங்கும், “இப்ப என்ன புதுசா?” என்ற பேச்சும் வரும். காரியத்தைத் திதியன்று வீட்டில் முடித்துக்கொள்ளுங்கள். பயணத்தைத் தேதியை ஒட்டி வையுங்கள். தேதிக்கு முந்தைய பத்து நாள்தான் பலருக்குத் தேதியைவிடக் கடினம். தூக்கம் கெடும், காரணமில்லாமல் சண்டை வரும். அந்தப் பத்து நாளில் பெட்டி கட்டுவது, டிக்கெட் எடுப்பது என்று கைக்கு வேலை இருப்பது நல்லது.

சீசனில் வராதீர்கள். ஏப்ரல், மே மாதத்தில் கொடைக்கானல் தேன்நிலவுக் கூட்டமும் கல்லூரிக் கூட்டமுமாக இருக்கும். கூட்டம் கூட்டமாகச் சிரித்துக்கொண்டு போகும் இருபது வயதுப் பிள்ளைகளைப் பார்ப்பது எந்தத் தாய்க்கும் லேசில்லை. புரட்டாசியில், திங்கள் முதல் வியாழனுக்குள் வந்தால் ஊர் நமக்கு இடம் கொடுக்கும். மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான். செய்ய வேண்டியதைக் காலையிலேயே வைத்துக்கொண்டால் சரி. ஐப்பசி பிறந்துவிட்டால் மலைப்பாதையில் மண்சரிவு பயம் உண்டு.

சொந்த வண்டியோ வாடகை வண்டியோ, இ-பாஸ் எடுத்தாக வேண்டும். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. காசு கிடையாது. வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எங்கே தங்கல் என்று கேட்கும். அந்த “எத்தனை பேர்” என்ற கட்டத்தில் அம்மாவோ அப்பாவோ பழக்கத்தில் ஒரு எண் கூட்டிப் போட்டுவிட்டு உறைந்துபோய் உட்காருவதுண்டு. அந்த வேலையைச் சித்தப்பாவோ மாமாவோ செய்யட்டும். அரசுப் பேருந்தில் வந்தால் பாஸ் வேண்டாம். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை. எவர்சில்வர் பாட்டில் ஆளுக்கு ஒன்று.

சென்னையிலிருந்து இரவு ரயிலில் வந்தால் விடியும் முன் கொடை ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து வத்தலக்குண்டு, காட்ரோடு வழியாக மேலே மூன்று மணி நேரம். வாந்தி மாத்திரை போடுகிறவர்கள் வண்டி ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். வளைவு தொடங்கிய பிறகு போட்டால் பிரயோசனமில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: பிள்ளை போன பிறகு அம்மாவோ அப்பாவோ தூக்க மாத்திரை, மனநல மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். வாந்தி மாத்திரையும் தூக்கம் தருவது. இரண்டும் சேர்ந்தால் ஆளையே அசத்திவிடும். கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். லித்தியம் (மனநிலையைச் சீராக வைக்கும் மாத்திரை) சாப்பிடுகிறவர் யாராவது இருந்தால் அவர் தண்ணீர் குறையாமல் குடிக்க வேண்டும். மூட்டு வலி, தலைவலிக்கு இபுப்ரோஃபென் வகை மாத்திரை தொடக்கூடாது, ரத்தத்தில் லித்தியம் அளவை ஏற்றிவிடும். மாத்திரையை இரண்டு பையில் பிரித்து வையுங்கள், ஒரு பை தொலைந்தாலும் இன்னொன்று கையில் இருக்கும்.

டிரைவரிடம் முதல் நாளே தனியாகப் பேச வேண்டும். எதற்காக வருகிறோம் என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மலையில் பல வருஷம் ஓட்டிய டிரைவர்கள் ரொம்ப நல்ல மனுஷர்கள், சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் என்ன ஆகும்? கொடைக்கானலில் பள்ளத்தாக்கு விளிம்பில் ஒரு காட்சிமுனைக்கு இன்று பலகையில் ‘பசுமைப் பள்ளத்தாக்கு’ என்று பெயர். ஆனால் அதன் பழைய பெயரைத்தான் வழிகாட்டிகளும் கடைக்காரர்களும் இன்னும் உரக்கச் சொல்கிறார்கள். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. வண்டிக்குள் முன்சீட்டிலிருந்து அது காதில் விழுந்தால் பயணம் அங்கேயே முடிந்துவிடும். அந்த இடம், டால்பின் மூக்கு, குணா குகை, தூண் பாறை, எதுவும் வேண்டாம். விளிம்புகளைப் பார்க்க இந்த மலைக்கு வரவில்லை என்று டிரைவரிடம் தெளிவாகச் சொன்னோம். “புரியுதுங்கய்யா, ஏரி, கோயில், பூம்பாறை, அவ்வளவுதானே” என்றார்.

டம்டம் பாறையில் நிறுத்தினால் எதிர் மலையில் எலிவால் அருவி வெள்ளைக் கோடாகத் தெரியும். தூரத்துக் காட்சி, கம்பி வேலி உண்டு, டீக்கடை உண்டு. பத்து நிமிஷம் கால் நீட்ட அது போதும். ஊத்து என்ற ஊருக்கு மேலே குளிர் ஏறும், ஸ்வெட்டர் கைக்கெட்டும் பையில் இருக்கட்டும். ஒரு அம்மா பையைத் திறந்தபோது மேலாக இருந்தது மகனுடைய பழைய நீல ஸ்வெட்டர். அதையே எடுத்துப் போட்டுக்கொண்டார். கை நீளம், விரல் நுனி வரை மூடியது. மடக்கிவிடவில்லை.

தங்க வில்பட்டிப் பக்கம் ஒரு தோட்ட வீடு. ஊருக்குள் ஓட்டல் வேண்டாம் என்பதற்குக் காரணம் இரைச்சல் மட்டுமல்ல, ஓட்டலில் ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராத ஒருவர் தனி அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தோட்ட வீட்டில் பொது அடுப்படி இருக்கும், விளக்கு எரிந்துகொண்டிருக்கும், யாராவது ஒருவர் கடுங்காப்பி போட்டுக்கொண்டிருப்பார். தனி அறை யாருக்கும் கிடையாது என்பது எங்கள் விதி. அறைக்கு இரண்டு பேர், மூன்று பேர்.

இரண்டாம் நாள்: ஏரி, குறிஞ்சி ஆண்டவர்

ஏரியைச் சுற்றி நடை. ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர், ஏற்ற இறக்கம் இல்லாத தார் சாலை. 1863ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரி இது. காலை ஆறரைக்குத் தொடங்கினால் சைக்கிள் வாடகைக்காரர்களும் குதிரைக்காரர்களும் வருவதற்குள் ஒரு சுற்று முடியும். இரண்டிரண்டு பேராக நடக்க விடுங்கள், அதுவும் சொந்தக் குடும்பத்தோடு இல்லாமல் அடுத்த குடும்பத்து ஆளோடு. தன் வீட்டில் சொல்ல முடியாததை அடுத்த வீட்டு அப்பாவிடம் சொல்லிவிடுவார்கள். எதிரெதிரே உட்கார்ந்தால் வராத பேச்சு, பக்கம் பக்கமாக நடக்கும்போது வரும்.

நடையில் கேட்டதைச் சொல்ல மாட்டோம். ஆனால் மூன்று வீட்டுக்கும் பொதுவான ஒரு கேள்வி எழுந்தது, அதை எழுதலாம். “உங்களுக்கு எத்தனை பசங்க?” என்று முன்பின் தெரியாதவர் கேட்டால் என்ன சொல்வது? ரயிலில், கல்யாண வீட்டில், வாடகை வீடு பார்க்கப் போன இடத்தில் எல்லாம் வரும் கேள்வி. பதிலை முன்கூட்டியே தயார் செய்து, வீட்டிலேயே இரண்டு மூன்று முறை சத்தமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். “ரெண்டு பேர். பெரியவன் உடம்பு சரியில்லாம தவறிட்டான்.” இவ்வளவு போதும். உடம்பு சரியில்லாமல் என்பது பொய்யில்லை. மூளையும் உடம்பில்தான் இருக்கிறது. மேலே தோண்டிக் கேட்டால், “அதப் பத்தி இப்ப பேச வேணாங்க” என்று நிறுத்திக்கொள்ளலாம். “ஒண்ணுதான்” என்று சொல்லித் தப்பித்தால் அன்றைக்கு முழுக்க அந்தச் சொல்லே நெஞ்சை அறுக்கும் என்று மூன்று அம்மாக்களுமே சொன்னார்கள்.

பத்து மணிக்குக் குறிஞ்சி ஆண்டவர் கோயில். இலங்கையின் பொன்னம்பலம் ராமநாதனை மணந்து இந்து சமயத்தைத் தழுவிய வெளிநாட்டுப் பெண்மணி லீலாவதி ராமநாதன் 1936ல் கட்டியது. மேகம் இல்லாத நாளில் பின்புறத்திலிருந்து பழநிக் கோயில் மலை தெரியும்.

இந்தக் கோயில் என்றில்லை, எந்தக் கோயிலிலும் நடக்கக்கூடிய ஒன்று இங்கே நடந்தது. சன்னதியில் தட்டை வாங்கிய குருக்கள், பார்க்காமலே, “பேரு, நட்சத்திரம்?” என்றார். இருபத்திரண்டு வருஷம் கேட்ட கேள்வி. வருஷத்தில் பத்து முறை சொன்ன பதில். அம்மாவின் வாய் தானாகச் சொல்லிவிட்டது: மகன் பெயர், பூரட்டாதி நட்சத்திரம், கும்ப ராசி. குருக்கள் சங்கல்பத்தைத் தொடங்கிவிட்டார். அப்பா கையைப் பிடித்து இழுக்கிறார், அம்மா அசையவில்லை. நீண்ட ஆயுள், ஆரோக்கியம் என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கிறது.

அதை நாங்கள் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அங்கே ஒரு விளக்கம் தேவைப்பட்டிருக்கும், அது கூட்டத்துக்கு நடுவில் அந்த அம்மாவை நிற்க வைத்திருக்கும். ஆனால் போகிற வீட்டார் முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம். அர்ச்சனைச் சீட்டை வேறு ஒருவர் வாங்க வேண்டும். தட்டைக் கொடுக்கும்போதே, “சாமி பேருக்கே பண்ணிருங்க” என்று சொல்லிவிட்டால் பெயர் கேட்க மாட்டார்கள். பிள்ளை பெயரில்தான் ஏதாவது செய்ய வேண்டும் என்றால் அன்னதானத்துக்குக் கட்டுங்கள். ரசீதில் பெயர் இருக்கும், அதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

கோயில் பக்கத்தில் குறிஞ்சிச் செடியைக் காட்டுவார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூப்பது. 2006, 2018, அடுத்தது 2030. பூத்து விதை போட்டதும் செடி காய்ந்துவிடும் என்று சொல்லி, அதைப் பிள்ளையோடு ஒப்பிட்டு ஆறுதல் சொல்ல யாராவது வருவார்கள். விடாதீர்கள். செடி தன் காலத்தை முடித்துக்கொண்டு போகிறது. இந்தப் பிள்ளைகளுக்கு அது வாய்க்கவில்லை.

இன்னொரு எச்சரிக்கை, கூட வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு. கொடைக்கானலில் போதைக் காளான் விற்கிறவர்கள் இளவட்டம் என்று கண்டால் காதருகே வந்து கேட்பார்கள். சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். மனச்சிதைவோ (ஸ்கிஸோஃப்ரினியா) இருதுருவ நோயோ (பைபோலார்) வந்த குடும்பத்தில் பிறந்தவர்களுக்குக் காளானும் கஞ்சாவும் மற்றவர்களைவிடப் பல மடங்கு ஆபத்து. பெரியவர்கள் சாடையாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், நேராகவே சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் நாள்: பேரிக் கன்று

ஒரு வீட்டுக்குத் தேதி இன்றைக்குத்தான். மரம் நடுவது இன்றைய வேலை.

எதை நடுவது என்பதில் எங்களுக்குத் தீர்மானமான கருத்து உண்டு. சோலை மரம் நடலாம், மலைச் செண்பகமோ காட்டு நாவலோ. இந்த மலைக்கு உரியவை, பார்க்கவும் அழகு. ஆனால் வனத்துறை நிலத்தில் அனுமதி இல்லாமல் ஒரு குச்சி நடக்கூடாது. பட்டா நிலத்தில் நட்டால், நாம் இறங்கிப்போன பிறகு யார் பார்ப்பது? பேரி மரத்தைத் தோட்டக்காரர் பார்த்துக்கொள்வார், காய் தரும் என்பதால். நான்கைந்து வருஷம் கழித்து ஒரு பை பேரிக்காயோடு வீடு திரும்பலாம். அதனால் நாங்கள் பேரியே நடுகிறோம், தோட்டக்காரர் சம்மதத்தோடு, அவர் காட்டும் இடத்தில்.

ஒன்றே ஒன்று நடாதீர்கள். இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு கன்றுக்குப் பிள்ளை பெயரை வைத்துவிட்டு, அது காய்ந்துவிட்டால் அந்த வீடு இரண்டாம் முறை இழவு காக்கும். அப்படி நடந்திருக்கிறது. மூன்று நடுங்கள், ஐந்து நடுங்கள். எந்தக் கன்றுக்கும் பெயர் வேண்டாம், பலகை வேண்டாம். “அவன் தோட்டம்” என்று மொத்தமாகச் சொல்லிக்கொள்ளலாம். இரண்டு போனாலும் தோட்டம் இருக்கும்.

குழி இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். கன்றுக்குக் கன்று பதினாறு அடி. குழியைப் பத்து நாள் முன்பே வெட்டி ஆறப்போடச் சொல்லி தோட்டக்காரருக்குப் போன் செய்துவிட வேண்டும். வந்த அன்றைக்கு மலை மண்ணில் குழி வெட்டினால் அப்பாக்கள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார்கள். ஏழாயிரம் அடி உயரம், பழக்கமில்லாத உடம்பு. மேல்மண்ணைத் தனியாக, அடிமண்ணைத் தனியாகக் குவிக்க வேண்டும். நன்கு மக்கிய தொழு உரம் குழிக்குப் பத்து கிலோ, மேல்மண்ணோடு கலந்து அடியில் போட வேண்டும். பச்சைச் சாணம் போட்டால் சூட்டில் வேர் வெந்துவிடும்.

ஒட்டுக் கன்று வாங்குங்கள். தண்டில் ஒரு சாண் உயரத்தில் ஒட்டின இடம் முடிச்சு மாதிரி தெரியும். அந்த முடிச்சு மண்ணுக்கு மேல் நான்கு விரலாவது இருக்க வேண்டும். புதைந்தால் மேல் ஒட்டு தானே வேர் விட்டுவிடும், கீழ்த்தண்டு நாட்டுப் பேரியாக இருப்பதன் பலம் போய்விடும். முடிச்சுக்குக் கீழே கிளம்பும் துளிரை அவ்வப்போது கிள்ளி எறியச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒட்டு பட்டினி கிடக்கும். பிளாஸ்டிக் பையை மேலிருந்து உருவக்கூடாது. பிளேடால் பக்கவாட்டில் கீறி, மண் உருண்டை உடையாமல் எடுக்க வேண்டும். அடியில் வேர் சுருண்டு கிடந்தால் அந்தச் சுருளை மட்டும் வெட்டிவிடுங்கள். வெட்டாவிட்டால் வேர் உள்ளேயே சுற்றி, நாலாம் வருஷம் காற்றில் மரம் சாயும்.

இன்றைக்குத் தேதிக்காரர் வீட்டு அப்பாதான் முதல் கன்றை இறக்கினார். இரண்டு உள்ளங்கையிலும் மண் உருண்டையைத் தாங்கி, குழி விளிம்பில் முட்டி போட்டு, கீழே வைக்காமல் வெகுநேரம் அப்படியே இருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு வைத்தார். சுற்றி மண்ணைத் தள்ளி, பாதத்தால் மிதிக்காமல் கையாலேயே அமுக்கினார். அமுக்குவது முக்கியம், காற்றுப் பொத்தல் இருந்தால் மழைத் தண்ணீர் அங்கே தேங்கி வேர் அழுகும். காற்று வரும் பக்கமாக ஒரு குச்சியை ஊன்றி, சணலால் எட்டு மாதிரி கட்ட வேண்டும், தண்டு உரசாது.

மேலே காய்ந்த புல் மூடாக்கு, ஒரு சாண் உயரம், தண்டை ஒட்டாமல். மார்கழி, தை மாதத்தில் உறைபனி விழும். பனி விழும் ராத்திரிகளில் இளம் துளிர் கருகும், காய்ந்த பெரணியால் கூடு மாதிரி கட்டிவிடச் சொல்லியிருக்கிறோம். காட்டுமாடு வரும். கன்றைச் சுற்றி நாலு கம்பு நட்டு முள்கம்பி போட்டாலும் முட்டித் தள்ளும், எனவே வீட்டை ஒட்டிய வேலிக்குள்தான் நட்டோம்.

ஒரு ஆலோசனை: கன்றின் போட்டோவை மாதாமாதம் அனுப்பச் சொல்லித் தோட்டக்காரரை நச்சரிக்க வேண்டாம். வருஷத்துக்கு இரண்டு போதும். மாதாமாதம் வந்தால் இலை உதிர்காலத்தில் மொட்டைக் குச்சியைப் பார்த்து இங்கே ஒரு வீடு கலங்கும். பேரி இலை உதிர்க்கும் மரம், அது சாவு இல்லை என்பதை நடும்போதே எல்லாருக்கும் சொல்லிவைத்தோம்.

மதியம் மழை பிடித்தது. அடுப்படியில் எல்லாரும் கூடி உட்கார்ந்தபோது நோயைப் பற்றிப் பேச்சு வந்தது. எல்லா அப்பாவுக்கும் ஒரு வாக்கியம் நெஞ்சில் குத்தி நிற்கிறது: “நான் அன்னைக்குத் திட்டாம இருந்திருந்தா.” எங்களுக்குத் தெரிந்த மருத்துவச் செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்வதைத் தவிர வழியில்லை. மனச்சிதைவு பதின்வயதின் முடிவிலோ இருபதுகளிலோதான் பெரும்பாலும் தலைகாட்டும். தொடக்கத்தில் சோம்பேறித்தனம் மாதிரி, பரீட்சை பயம் மாதிரி, காதல் தோல்வி மாதிரி, சிலர் கண்ணுக்குச் செய்வினை மாதிரி தெரியும். தனக்கு நோய் இருப்பதை உணராமல் இருப்பதே அந்த நோயின் ஒரு பாகம். மாத்திரை வேண்டாம் என்று பிள்ளை சொன்னதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டிருந்தால், அப்படித்தான் எல்லா வீட்டிலும் எடுத்துக்கொண்டார்கள். மாத்திரையை நிறுத்தினால் மறுநாளே நோய் திரும்பாது. வாரங்கள், மாதங்கள் கழித்துத் திரும்பும். நடுவில் பிள்ளை தெளிவாக இருப்பான், தூக்க மயக்கம் போய்ச் சுறுசுறுப்பாகவும் இருப்பான். “நிறுத்தினதுதான் நல்லதாப் போச்சு” என்று வீடே நம்பும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை என்பதை, வீடு திரும்பிய சந்தோஷத்தில் யாரும் நினைப்பதில்லை. ஒரு வசையால் யாரும் இறப்பதில்லை. நோய் முற்றியதால் இறந்த பிள்ளைகள் இவர்கள்.

கூட வந்த தங்கை, பன்னிரண்டாம் வகுப்பு, மெல்லக் கேட்டாள்: “எனக்கும் வருமா?” பூசி மெழுகக்கூடாது. பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு வரும் மனச்சிதைவு, உடன்பிறந்தவர்களில் நூறு பேரில் ஒன்பது பத்துப் பேருக்கு வரலாம். அதாவது தொண்ணூறு பேருக்கு வராது. வந்தாலும் சீக்கிரம் கண்டு வைத்தியம் பார்த்தால் வாழ்க்கை இருக்கிறது. தூக்கம் தொடர்ந்து கெட்டாலோ, இல்லாத குரல் கேட்டாலோ அம்மாவிடம் அன்றைக்கே சொல்ல வேண்டும் என்று பேசி முடித்தோம். அவள் தலையாட்டிவிட்டு, அடுத்த சட்டியை எடுத்துப் பூண்டு உரிக்கத் தொடங்கினாள்.

நான்காம் நாள்: பூம்பாறை, வான் ஆய்வுக்கூடம்

குறைவாகவே எழுதுகிறோம், எல்லாருக்கும் களைப்பு.

பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயில். மூலவர் நவபாஷாணம், போகர் செய்தது என்பது நம்பிக்கை. தலக்கதை ஒன்று சொல்வார்கள்: அருணகிரிநாதர் இங்கே தூங்கியபோது கொல்ல வந்த ராட்சசி, முருகன் குழந்தையாக அவர் மேல் வந்து படுத்ததைப் பார்த்து, தாயும் பிள்ளையும் என்று எண்ணி விலகிப் போனாளாம். கதையைக் கேட்டதும் ஒரு அம்மா, “எம்புள்ள மேல வந்து படுக்கலையே சாமி” என்றார். அதற்குப் பதில் கிடையாது, யாரும் சொல்லவும் முயலாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். கூட்டிப்போகும் முன்பே கதையைச் சொல்லி, உள்ளே வருகிறார்களா என்று கேட்டிருக்க வேண்டும். அடுத்த முறை கேட்போம்.

ஊரில் மலைப்பூண்டு வாங்கினோம். சிறிய பல், காரம் அதிகம், கொடைக்கானல் மலைப்பூண்டு என்று 2019ல் புவிசார் குறியீடு பெற்றது. புகை போட்டுக் காயவைத்ததாகப் பார்த்து வாங்கினால் பல மாதம் கெடாது.

ஒவ்வொரு குடும்பமும் பிள்ளைக்குப் பிடித்த ஒரு இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு வீட்டுப் பிள்ளை பௌதிகம் படித்தவன். அதனால் கொடைக்கானல் சூரிய வான் ஆய்வுக்கூடம். 1899ல் நிறுவியது. சூரியப் புள்ளிகளின் விளிம்பில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909ல் இங்கிருந்துதான் கண்டார், இன்றும் அதற்கு அவர் பெயர்தான். மகன் சொல்லிச் சொல்லிக் கேட்டிருந்த அப்பா, பள்ளிக்கூடம் ஆறாவது தாண்டாதவர், அதை மற்ற எட்டுப் பேருக்கும் விளக்கினார். பிள்ளையின் கடைசி நாளைத் தவிர வேறெதையும் பேசாமல் ஒரு வருஷம் கழித்த வீடு அது. இன்றைக்கு அரை மணி நேரம் அவன் படித்த படிப்பைப் பேசியது.

ராத்திரி சில காகித வேலைகளையும் பேசினோம். இன்சூரன்ஸ் பாலிசி இருந்தும் கேட்காமல் விட்டவர்கள் உண்டு, “இந்த மாதிரி சாவுக்குக் கிடைக்காது” என்று யாரோ சொன்னதால். பாலிசி எடுத்தோ புதுப்பித்தோ 12 மாதம் முடிந்திருந்தால் நாமினிக்கு ஆயுள் காப்பீட்டுத் தொகை உண்டு. உயிரை மாய்க்க முயல்வது வழக்கு என்ற பயத்தில் முதல் முறையை மறைத்து, வைத்தியம் பார்க்காமல் விட்ட வீடுகளும் உண்டு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக்கூடாது என்கிறது. 2018 மே 29 முதல் அமலில் இருக்கிறது. அக்கம்பக்கத்து வீட்டுக்காவது இதைச் சொல்லுங்கள்.

போன பிள்ளையின் மாத்திரை வீட்டில் மிச்சமிருந்தால் அதை நினைவாக வைத்திருக்காதீர்கள். மருந்துச் சீட்டை வைத்துக்கொள்ளலாம், மாத்திரையை மருந்துக்கடையிலோ ஆஸ்பத்திரியிலோ கொடுத்து அப்புறப்படுத்துங்கள். துக்கத்தில் இருக்கும் வீட்டில் இன்னொருவரும் தளர்ந்திருக்கலாம். சந்தேகம் வந்தால், “செத்துப்போயிரலாம்னு தோணுதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்டதும் பலர் பெருமூச்சு விட்டுச் சொல்லிவிடுவார்கள். ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி மனஸ் 14416, எந்த நேரமும், தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104. சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பு ஸ்நேஹா 044 24640050. 1986லிருந்து டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கி நடந்துவருவது.

ஐந்தாம் நாள்: பழநி வழியாக

இறங்குவதற்குப் பழநிப் பாதை. பெருமாள்மலையில் பிரிந்து வடகவுஞ்சி, சவரிக்காடு வழியாகப் போகும். கொடைக்கானலிலிருந்து 64 கிலோமீட்டர். வத்தலக்குண்டுப் பாதையைவிடக் குறுகல், காலை எட்டுக்குள் கிளம்பினால் எதிர்வண்டி குறைவு. ராத்திரி பலத்த மழை பெய்திருந்தால் இந்தப் பக்கம் வேண்டாம், வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

பழநி மலைக்கோயிலில் 2023 அக்டோபர் 1 முதல் செல்போனுக்குத் தடை. அடிவாரத்திலேயே கொடுத்துவிட வேண்டும். இதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பிள்ளையின் போட்டோ எல்லாமே போனுக்குள்தான் இருக்கிறது. படியில் ஏறும்போது கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பார்கள். ஊரிலிருந்து கிளம்பும்போதே பாஸ்போர்ட் அளவில் ஒரு பிரிண்ட் போட்டுச் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். படி 693. முடியாதவர்களுக்கு விஞ்ச், ரோப் கார் இருக்கிறது. தட்டைக் கொடுக்கும்போது இந்த முறை அப்பா முந்திக்கொண்டு, “சாமி பேருக்கு” என்றார். அம்மா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், நீல ஸ்வெட்டருக்கு மேல் போட்டிருந்த அப்பாவின் சட்டை அது.

வீட்டுக்குள் நுழையும் நேரத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஐந்து நாள் ஒன்பது பேர் குரலுக்குப் பழகிய காது, பூட்டிய வீட்டைத் திறக்கும்போது அந்த அமைதியில் அடிபடும். பயணம் முழுக்கத் தாங்கியவர்கள் அந்த வாசலில்தான் உடைகிறார்கள். இருட்டிய பிறகு போய்ச் சேராதபடி ரயிலையோ பஸ்ஸையோ பாருங்கள். சாவியைக் கிளம்பும் முன் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். போய்ச் சேர ஒரு மணி நேரம் இருக்கும்போது அவர்களுக்குப் போன் செய்து, கதவைத் திறந்து, ஜன்னலைத் திறந்து, கூடத்து விளக்கைப் போட்டு, அரை லிட்டர் பால் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். நாங்கள் மூன்றாம் நாள் ஒரு முறை, பத்தாம் நாள் ஒரு முறை ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்வோம், பிள்ளை பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவோம்.